தொழு இல்லாத ஊரில் மாடு எங்கே போகும்?

யானைக்கு 2 ரூபாய். ஒட்டகத்துக்கும் எருமைக்கும் 8 அணா. குதிரை, காளை, பசு என்றால் 4 அணா. கன்று, கழுதை, பன்றிக்கு 2 அணா. ஆட்டுக்கு ஓரணா. 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம் தொடக்கத்தில் வைத்திருந்த கட்டணப் பட்டியல் இது. அடுத்தவர் வயலிலோ பொதுச்சாலையிலோ பிடிபட்ட பிராணியை மீட்டுப்போக உரிமையாளர் இந்தத் தொகையைக் கட்ட வேண்டும். தீவனச் செலவு தனி.

அணாவெல்லாம் போய்விட்டது. அந்தச் சட்டம் சொன்ன வேலைமுறை மட்டும் இன்றைக்கும் பொருந்துகிறது. பிடித்த மாட்டை 24 மணி நேரத்துக்குள் தொழுவுக்கு அனுப்ப வேண்டும். தொழுக்காரர் அதைப் பதிவேட்டில் எழுதித் தீவனமும் தண்ணீரும் காட்ட வேண்டும். 7 நாளில் ஆள் வராவிட்டால் காவல் நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பக்கத்து ஊரிலும் சந்தையிலும் தமுக்கடித்துச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகும் 7 நாள் பார்த்துவிட்டு ஏலம் விடலாம். வயலில் இறங்கிய மாட்டைப் பிடிக்கும் உரிமை விவசாயிக்கு இருந்ததுபோல, சாலையில் அலையும் மாட்டைப் பிடிக்கும் அதிகாரம் போலீஸ்காரருக்கும் சாலையைப் பராமரிப்பவருக்கும் உண்டு. பிடிக்கவிடாமல் தடுத்தாலோ, பிடித்ததை அவிழ்த்துக்கொண்டு ஓடினாலோ ஆறு மாதம் வரை சிறை என்றும் அந்தச் சட்டம் வைத்திருந்தது.

நம் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கத்தில் இந்தத் தொழுவைப் பவுண்டு என்றும் கொண்டித்தொழு என்றும் சொல்வார்கள். பல ஊர்களில் அது இருந்த இடத்தைப் பெரியவர்கள் இன்னும் கைகாட்டுவார்கள். அந்த இடத்தில் இப்போது தண்ணீர்த் தொட்டியோ, கடை வரிசையோ, குப்பை வண்டி நிறுத்தும் இடமோ இருக்கும். பவுண்டை ஏலம் எடுத்தவர் வயலில் வாய்வைக்காத மாட்டையும் ஓட்டிவந்து அடைத்துக் காசு பார்த்தார் என்ற புகாரும் அந்தக் காலத்தில் உண்டு. அதனால் அது ஒன்றும் பொற்காலம் இல்லை. ஆனாலும், அவிழ்ந்த மாடு அன்றிரவு எங்கே நிற்கும், யார் தண்ணீர் காட்டுவது என்ற கேள்விக்கு ஊரில் ஒரு பதில் இருந்தது.

திருமங்கலத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சிவகிரி, தென்காசி வழியாகக் கொல்லம் போகும் தேசிய நெடுஞ்சாலை 744ஐ இரவில் பயன்படுத்துகிறவர்களுக்கு இந்தக் கேள்வி ஏட்டுச்சுரைக்காய் அல்ல. கேரளாவுக்குப் போகும் லாரி, குற்றாலத்துக்குப் போகும் வேன், மில் ஷிப்ட் முடிந்து இருசக்கர வண்டியில் திரும்பும் தொழிலாளி எல்லோருக்கும் அது ஒரே சாலை. எதிர் வண்டியின் வெளிச்சம் கண்ணில் அடித்து விலகும் நொடியில், சாலை நடுவே கறுப்பாக ஏதோ படுத்திருக்கும். அது மாடு என்று தெரிவதற்குள் வண்டி அதன்மேல் ஏறியிருக்கும்.

மாடு ஏன் சாலைக்கு வந்து படுக்கிறது? வேண்டுமென்று வம்புக்கு வருவதில்லை. பகல் வெயிலை வாங்கிய தார்ச்சாலை இரவு வெகுநேரம் வரை சூடாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் தரை சேறாகிக் கிடக்கும்போது ஊரிலேயே காய்ந்த, சாய்வான, கதகதப்பான இடம் சாலைதான். வண்டிகள் போய்வரும் காற்றில் ஈயும் கொசுவும் அண்டாது. வீட்டுக் கொட்டகையைவிடச் சாலை வசதியாக இருக்கிறது என்றால் கொட்டகையின் லட்சணத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பல வீடுகளில் கொட்டகையே கிடையாது. வீட்டுச் சுவருக்கும் வாறுகாலுக்கும் இடையில் ஒரு முளைக்குச்சி, அவ்வளவுதான்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பெயர் வாங்கித்தந்ததில் ஆண்டாளுக்கு அடுத்த இடம் பாலுக்கு. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவா இந்த வட்டாரத்துப் பாலில் கிண்டப்படுவது. அந்தப் பாலைத் தரும் மாட்டுக்கு ஊரில் நிற்க இடம் இல்லை என்பது, பால்கோவா வாங்க வண்டியை நிறுத்துகிறவர்களுக்குத் தெரியாது. கோபுரத்தை மாநிலச் சின்னத்தில் வைத்துக்கொண்டாடும் ஊரின் ரத வீதிகளில் காய்கறிக் கழிவையும் சாப்பாட்டு இலையையும் தேடி மாடு நடக்கிறது. இலையோடு பிளாஸ்டிக் பையும் உள்ளே போகிறது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. தடை விதித்த செய்தி மாட்டின் வயிற்றுக்கு இன்னும் போய்ச்சேரவில்லை.

நகரத்தில் மாடு வளர்ப்பவரின் கணக்கு எளிது. காலையில் கறந்துவிட்டு அவிழ்த்துவிட்டால் பகல் தீவனச் செலவு மிச்சம். மாலையில் மடி கனத்தால் மாடு தானாக வீடு திரும்பும். கறவை வற்றிய மாடு திரும்பாவிட்டாலும் தேடுவதற்கு அவசரம் இல்லை. இதைத் திருட்டுத்தனம் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடலாம், கோபத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் பசுந்தீவனம் வளர்க்க ஒரு சென்ட் நிலம் இல்லாதவர் கையில்தான் இந்த நகரங்களின் பால் கணிசமாக இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது.

சென்னை மாநகராட்சி அபராதத்தையே நம்பிப் பார்த்தது. 2023 ஆகஸ்டில் அரும்பாக்கத்தில் பள்ளியிலிருந்து வந்த சிறுமியை மாடு முட்டித் தூக்கிப்போட்ட காட்சியை நாடே பார்த்தது. 2,000 ரூபாயாக இருந்த அபராதம் அந்த ஆண்டே 5,000 ஆனது. 2024இல் முதல் முறைக்கு 10,000, மறுமுறைக்கு 15,000 என்று ஏறியது. இந்தத் தொகையை நம் ஊர்க் கணக்கில் வைத்துப் பார்ப்போம். ஆவின் 2023 டிசம்பர் முதல் ஊக்கத்தொகையையும் சேர்த்துப் பசும்பாலுக்கு லிட்டருக்கு 38 ரூபாய் தந்தது. நாளைக்கு 10 லிட்டர் கறக்கும் மாடு என்றால் 380 ரூபாய். 5,000 ரூபாய் அபராதம் என்பது பதின்மூன்று நாள் பால் காசு, தவிட்டுக்கும் பிண்ணாக்குக்கும் கழிப்பதற்கு முன்னால். 10,000 என்றால் இருபத்தாறு நாள். கறவை மாட்டை அந்தத் தொகை கட்டி மீட்பார்கள். கறவை நின்ற கிழ மாட்டுக்கு யார் கட்டுவார்? “அது என் மாடே இல்லை” என்பார்கள். அபராதத்தை ஏற்ற ஏற்ற, யாருக்கும் சொந்தமில்லாத மாடுகள்தான் கூடும். சென்னையில்கூடப் பெரம்பூரிலும் புதுப்பேட்டையிலும் தொழு இருப்பதால்தான் பிடிக்கவாவது முடிகிறது. இப்போது வளர்ப்பவர்கள் மாட்டைக் கட்டிக்கொள்ளப் பொதுக் கொட்டகை கட்டும் வேலையிலும் அந்த மாநகராட்சி இறங்கியிருக்கிறது. அபராதத்துக்கு முன்னாலேயே செய்திருக்க வேண்டியது.

நமக்குப் பக்கத்துத் திருநெல்வேலியில், 2024 ஜூனில், வண்ணார்பேட்டைச் சாலையில் இரண்டு மாடுகள் சண்டையிட்டு, அந்த வழியே இருசக்கர வண்டியில் வந்த நீதிமன்ற ஊழியர் ஒருவர் தூக்கியெறியப்பட்டுப் பேருந்தில் சிக்கி இறந்தார். பட்டப்பகல், மாநகரின் நடுச்சாலை. விலங்கை அலட்சியமாக விட்டு அடுத்தவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆவது பிரிவு சொல்கிறது. யாருடைய மாடு என்று நிரூபித்தால்தானே பிரிவு வேலைசெய்யும்?

அதற்கு வழி மாட்டின் காதிலேயே தொங்குகிறது. 2019இல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் கோமாரித் தடுப்பூசி போடும்போது மஞ்சள் நிறத் தோடு குத்துகிறார்கள். அதில் 12 இலக்க எண் இருக்கிறது, பதிவில் அந்த எண்ணுக்கு எதிரே உரிமையாளரின் பெயர் இருக்கிறது. கால்நடை மருந்தக ஊழியர் பதிவைத் திறந்து பார்த்தால் போதும். நகராட்சி பிடிக்கும் மாட்டின் எண்ணைக் கால்நடைப் பராமரிப்புத் துறையிடம் அன்றே கேட்டு வாங்குவதை ஒரு வழக்கமாக்குவதற்கு எந்தப் புதிய சட்டமும் வேண்டாம். தோடு இல்லாத மாட்டுக்கு, பிடித்த இடத்திலேயே குத்தி அனுப்பலாம். இரண்டாவது முறை பிடிபடும்போது “என் மாடு இல்லை” என்று சொல்ல முடியாது.

மாட்டைப்போலவே சாலையில் அலையும் குதிரைக்கு இந்த வழி கிடையாது. கோமாரி பிளவுபட்ட குளம்புள்ள பிராணிகளுக்கு வருவது. ஒற்றைக் குளம்புள்ள குதிரைக்கு வராது. ஊசி இல்லை, அதனால் தோடும் இல்லை. எண்ணிக்கையும் சரிந்துவருகிறது. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் சேர்ந்து சுமார் 3.4 லட்சம். அதற்கு முந்தைய 2012 கணக்கைவிட 45 சதவீதத்துக்கும் மேல் குறைவு. குதிரைவண்டி போன பிறகு தென்மாவட்டங்களில் குதிரைக்கு மிஞ்சிய வேலை கல்யாண ஊர்வலம், கோயில் விழா, வண்டிப் பந்தயம். முகூர்த்தம் இல்லாத மாதத்தில் அதற்கு வருமானம் இல்லை, வயிறு மட்டும் இருக்கிறது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் சுற்றுலாப் பயணிகள் குறையும் காலத்தில் சவாரிக் குதிரைகள் சாலைக்கும் குப்பைத் தொட்டிக்கும் வருவது இதே காரணத்தால்தான். ஆடு இப்படி ஆளில்லாமல் அலைந்து பார்த்ததுண்டா? ஆட்டுக்குக் கறிவிலை இருக்கிறது, பொழுது சாய்ந்ததும் எண்ணிப் பார்த்து அடைத்துவிடுவார்கள். கிழக் குதிரையைக் கறிக்கும் வாங்க மாட்டார்கள், வண்டிக்கும் வாங்க மாட்டார்கள். சந்தையில் விலைபோகாத பிராணிதான் கடைசியில் நடுச்சாலைக்கு வருகிறது.

சாலையில் குதிரை மாட்டைவிட ஆபத்தானது என்பதை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, நமக்குப் பழக்கம் விட்டுப்போய்விட்டதால். மாடு வண்டியைப் பார்த்து நிற்கும், அல்லது அசையாமல் படுத்திருக்கும். குதிரை மிரண்டால் ஓடும், எந்தத் திசையில் என்று அதற்கே தெரியாது. நீளக் கால்கள். கார் மோதினால் கால் தட்டிவிட்டு உடம்பு முழுவதும் முன்கண்ணாடிமேல் வந்து விழும். கண்கள் முகத்தின் இரண்டு பக்கமும் இருப்பதால் அதற்குக் கிட்டத்தட்டச் சுற்றிலும் தெரியும். நேர் பின்னாலும் நெற்றிக்கு நேர் முன்னாலும் மட்டும் தெரியாது. நம் ஆட்கள் செய்வது சரியாக அந்தத் தப்பைத்தான்: பின்னால் போய்க் கைதட்டி விரட்டுவது, பக்கத்தில் நின்று ஹாரன் அடிப்பது, செல்போன் வெளிச்சத்தை முகத்தில் பாய்ச்சிப் படம் எடுப்பது. செய்ய வேண்டியது வேறு. வண்டியை முன்கூட்டியே ஓரங்கட்டி, ஹெட்லைட்டைத் தாழ்த்தி, இரண்டு பக்கமும் போக்குவரத்தை நிறுத்த வேண்டும். ஒரே ஆள், தோள் பக்கமாக, பேசிக்கொண்டே மெதுவாகப் போக வேண்டும். கையில் ஒரு வாளியில் தவிடோ கொள்ளோ இருந்தால் கயிற்றைவிட அது நன்றாக வேலைசெய்யும். குதிரை கூட்டத்தில் வாழும் பிராணி. சாதுவான இன்னொரு குதிரையைக் கொண்டுவந்து நிறுத்தினால் மிரண்ட குதிரையும் அதனிடம் வந்து சேரும். அடிபட்டிருந்தால் 1962 என்ற எண்ணில் கால்நடை அவசர ஊர்தி, தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033.

இங்கே சிலர் குதிரையின் முன்னங்கால்கள் இரண்டையும் கயிற்றால் தளைத்து மேயவிடுகிறார்கள். திறந்த வெளியில் அது பழைய பழக்கம், எல்லை தாண்டாமல் மேயும். சாலையோரத்தில் செய்தால் கொலை. லாரி வரும்போது குதிரையால் தாவி விலகவும் முடியாது.

குதிரை விஷயத்தில் இங்கிலாந்தைக் கவனிக்கலாம். அடுத்தவர் நிலத்தில் குதிரையைக் கள்ளத்தனமாக மேயவிட்டுப் போவது அங்கே பெரிய தலைவலியாக இருந்தது. 2015இல் குதிரைகள் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தார்கள். உள்ளாட்சி அமைப்போ நில உரிமையாளரோ குதிரையைப் பிடித்து வைக்கலாம், 24 மணி நேரத்துக்குள் போலீசுக்குச் சொல்ல வேண்டும், 96 மணி நேரத்தில் யாரும் வராவிட்டால் குதிரை பிடித்தவருக்குச் சொந்தமாகிவிடும். குதிரையின் கழுத்தில் மைக்ரோசிப்பும் கட்டாயம். ஆனால் அதே நாட்டில் நியூ பாரஸ்ட் என்ற பகுதியில் பல நூறு ஆண்டுகளாகக் குதிரைகள் சாலையோடு சேர்ந்துதான் மேய்கின்றன. அங்கே சாலைக்கு வந்ததற்காகப் பிடித்து அடைப்பதில்லை. பாரம்பரிய மேய்ச்சல் உரிமையை ஏற்றுக்கொண்டு, வேலி இல்லாத சாலைகளில் வேகத்தை மணிக்கு 40 மைலாகக் கட்டுப்படுத்தி, பல குதிரைகளின் கழுத்தில் வெளிச்சத்தில் மினுங்கும் பட்டை போட்டுவிடுகிறார்கள். மேய்ச்சல் இடமென்று ஊர் ஒப்புக்கொண்ட இடத்தில் ஒரு நியாயம், மற்ற இடத்தில் இன்னொரு நியாயம்.

நம் ஊரில் மேய்ச்சல் இடம் எது? இந்தக் கேள்வியைக் கேட்காமல் மாட்டுக்காரரை மட்டும் திட்டுவது தும்பை விட்டு வாலைப் பிடிப்பது. மேற்கே மலையடிவாரம் நெடுகிலும் மலைமாடு வளர்த்தவர்கள் உண்டு. பருவத்துக்குப் பருவம் காட்டில் மேய்த்து, அறுவடை முடிந்த வயல்களில் கிடை அமர்த்தி, எருவுக்குக் கூலி வாங்கிப் பிழைத்தவர்கள். 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. ஆயிரம் சதுர கிலோமீட்டருக்குச் சற்றே அதிகமான பரப்பு, நாட்டின் 51ஆவது காப்பகம். 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடுகள் எல்லாவற்றிலும் மேய்ச்சலுக்குத் தடை போட்டது. எதிர்ப்புக்குப் பிறகு அதே மாதத்தில் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் என்று சுருக்கியது. சுருக்கியும் நமக்கு ஒன்றும் மிஞ்சவில்லை, நம் மலை காப்பகத்துக்குள் இருக்கிறது.

தடை தவறு என்று நான் சொல்ல வரவில்லை. நாட்டு மாட்டிலிருந்து காட்டுமாட்டுக்கு நோய் தொற்றும், மானுக்குப் புல் குறையும், சாம்பல் நிற அணிலுக்கென்று 1980களின் இறுதியில் ஒதுக்கிய காட்டில் மாட்டுக்கு என்ன வேலை என்று கேட்பதும் சரி. காட்டை மூடினால் மாடு கீழே இறங்கும், இறங்கிய மாடு எங்கே மேயும் என்று வருவாய்த் துறையையும் கேட்டிருக்க வேண்டும். கண்மாய் உள்வாயில் சீமைக்கருவேல் மண்டிக் கிடக்கிறது. மந்தைப் புறம்போக்கில் கட்டடம் எழும்பியிருக்கிறது. தரிசு நிலம் மனையடிக் கல்லோடு நிற்கிறது. நகரத்துக் கறவை மாடும் மலைமாடும் ஒன்றல்ல என்பது உண்மைதான். ஆனால் இரண்டுக்கும் புல் முளைக்கும் பொது நிலம் ஒன்றுதான், அது சுருங்கிக்கொண்டே வருகிறது.

இதற்கு நடுவே திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம் வரை நான்கு வழிச்சாலை வேலை நடந்துவருகிறது. இருவழிச் சாலையில் 60இல் வந்த வண்டி இனி 100இல் வரும். வயலையும் கண்மாய்க் கரையையும் வெட்டிக்கொண்டு போகும் சாலையை, இத்தனை நாள் அந்தப் பக்கம் மேயப்போன மாடு கடக்காமல் இருக்காது. நடுத்திட்டில் அரளி நடுவார்கள். எதிர் வெளிச்சத்தையும் மறைக்கும், விஷமென்று மாடும் கடிக்காது. நல்ல யோசனைதான், ஆனால் அரளிக்குத் தண்ணீர் ஊற்றும்போது கூடவே முளைக்கும் புல்லை மாடு விடாது. மாடு நடக்கும் தடங்களில் பாலத்தடியை மனிதருக்கு மட்டும் இல்லாமல் மந்தைக்கும் போதுமான உயரத்தில் விட்டிருக்கிறார்களா என்று ஊராட்சிகள் போய்ப் பார்க்க வேண்டிய நேரம் இது. சாலை திறந்த பிறகு மனுக்கொடுத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம், தெருநாய் வழக்கினூடே, தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து மாடுகளையும் மற்ற விலங்குகளையும் அகற்றிக் காப்பிடங்களில் வைக்க வேண்டும், சாலைகளில் ரோந்துக் குழு அமைக்க வேண்டும், புகார் எண் வைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. மாநிலத் தலைமைச் செயலாளர்களைப் பொறுப்பாக்கியது. உத்தரவில் எளிய பகுதி அகற்றுவது. ஒரு வண்டியும் நாலு ஆளும் இருந்தால் ஓர் இரவில் அகற்றிவிடலாம். இந்த ஊர்ச் சாலையில் பிடித்து அடுத்த வட்டத்தின் எல்லையில் இறக்கிவிட்டாலும் அகற்றியதாகத்தான் கணக்கு. காப்பிடம் என்ற சொல்லுக்கு உருவம் கொடுப்பதில்தான் உள்ளாட்சிகள் திணறும்.

ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு நகராட்சிகள். தனித்தனியாகப் பெயருக்கு இரண்டு கம்பிவேலி போடுவதைவிட, இரண்டும் இடையில் உள்ள ஊராட்சிகளும் சேர்ந்து நடுவில் ஒரே தொழு நடத்துவதுதான் நடக்கக்கூடிய காரியம். மாட்டுக்கு ஒரு பக்கம், குதிரைக்கும் கழுதைக்கும் உயரமான வேலியோடு தனிப் பக்கம். இரவும் பகலும் ஆள். வாரத்தில் குறித்த நாளில் கால்நடை மருத்துவர். சாணத்தை விற்கலாம், இங்கே தென்னைக்கும் மாமரத்துக்கும் எரு வாங்க ஆள் காத்திருக்கிறார்கள். ஏலத்தைக் கறிக்கடைத் தரகருக்கு மட்டும் போகவிடாமல், கிடை போடும் மலைமாட்டுக்காரருக்கும் சிறு விவசாயிக்கும் முதலுரிமை தரலாம். முதல் முறை பிடிபட்டால் தீவனச் செலவு மட்டும் வாங்கித் தோடு குத்தி அனுப்பலாம். மறுமுறை கடுமையான அபராதம். மூன்றாம் முறை மாடு திரும்பாது. நகருக்குள் கொட்டகைக்கு இடம் இல்லாதவர், சிறு வாடகை கட்டி இரவு மாட்டைத் தொழுவிலேயே கட்டிக்கொள்ளட்டும், கறந்து எடுத்துப்போகட்டும்.

தொழுவுக்கு ஆகும் செலவில் பெரும்பகுதி கட்டடம் அல்ல, அன்றாட வைக்கோலும் தண்ணீரும். அதை நகராட்சி மட்டும் சுமக்க வேண்டியதில்லை. இந்தச் சாலையில் சுங்கச்சாவடி வரும்போது, கட்டணம் வாங்கும் நெடுஞ்சாலை ஆணையம் சாலையை மாடில்லாமல் வைத்திருக்கும் செலவில் ஒரு பங்கைத் தர வேண்டும் என்று இரண்டு நகர்மன்றங்களும் இப்போதே தீர்மானம் போட்டு அனுப்பலாம். ரோந்துக் குழு அவர்களுடையது, தொழு நம்முடையது, பிடித்த மாட்டின் ரசீதில் இரண்டு பேர் கையெழுத்தும் இருக்கட்டும்.